உங்கள் குழந்தை போகும் பஸ்ஸுக்கு நாடி பார்த்தீர்களா?

காலையில் குழந்தைக்கு லேசாக உடம்பு சுட்டால் போதும், தெர்மாமீட்டரைத் தேடுகிறோம். இருமினால், "என்னடா கண்ணு, ஐஸ் சாப்பிட்டியா?" என்று நெஞ்சைத் தடவிப் பார்க்கிறோம். டிபன் பாக்ஸில் என்ன வைப்பது, தண்ணீர் பாட்டிலைக் கழுவியாயிற்றா என்று நூறு கவலை. எல்லாம் சரிதான். ஆனால் அதே குழந்தையைத் தினமும் இரண்டு வேளை சுமந்துகொண்டு போகிறதே ஒரு மஞ்சள் வண்டி, அதன் ஆரோக்கியத்தைப் பற்றி என்றைக்காவது விசாரித்திருக்கிறீர்களா?

"சித்த வைத்தியருக்கும் ஸ்கூல் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. பஸ் ஏறினாலே வாந்தி, சாயங்காலமானால் தலைவலி, விடாத வறட்டு இருமல், நீர்க்கடுப்பு... இப்படி வரும் பள்ளிப் பிள்ளைகளிடம், "ஸ்கூலுக்கு எதுல போறே?" என்ற கேள்வியை நான் கேட்காமல் விடுவதில்லை. ஒரு நாளில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஒரு பிள்ளை ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தால், அந்தப் பெட்டியின் காற்றும் குலுக்கலும் அதன் உடம்பைத் தொடாமல் போகுமா?

வந்த நோய்க்கு மருந்து கொடுப்பது வைத்தியத்தில் பாதிதான். வராமல் பார்த்துக்கொள்வது மறு பாதி. அதற்கு எங்கள் மருத்துவத்தில் 'நோயணுகா விதி' என்றே பெயர். வண்டிக்கும் அதே விதிதான்.

ஓட்டை ஒரே நாளில் விழுவதில்லை

2012 ஜூலை 25. சென்னையை அடுத்த தாம்பரம் பகுதியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்கூல் பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கீழே விழுந்தாள். அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தாள். தமிழ்நாடே பதறியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டிலேயே பள்ளி வாகனங்களுக்கென்று தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது.

அதற்கு முன்பு விதியே இல்லையா? இருந்தது. 1997 நவம்பரில் டெல்லியில் ஒரு ஸ்கூல் பஸ் வஜீராபாத் பாலத்திலிருந்து யமுனையில் விழுந்து 28 குழந்தைகள் மாண்டார்கள். அதையொட்டி உச்ச நீதிமன்றம் பள்ளி பஸ்களுக்குப் பல கட்டளைகள் போட்டது. மஞ்சள் நிறம், முன்னும் பின்னும் பள்ளி வாகனம் என்ற எழுத்து, முதலுதவிப் பெட்டி, தீயணைப்புக் கருவி, ஜன்னலுக்குக் குறுக்குக் கம்பி, நன்றாகப் பூட்டும் கதவு, பள்ளியின் பெயரும் போன் நம்பரும், கூடவே ஓர் உதவியாளர் என்பதெல்லாம் அப்போது வந்தவை.

ஆக, விதிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். தகரத்தில் ஓட்டை ஒரே நாளில் விழுமா? முதலில் பெயின்ட் உப்பும். பிறகு துரு பொரியும். மிதித்தால் அமுங்கும். ஓரம் உதிரும். கடைசியில்தான் ரோடு தெரியும். நோய் எப்படிப் படிப்படியாகக் குறி காட்டிவிட்டு வருகிறதோ, அதே மாதிரிதான் வண்டியும். காட்டுகிற குறியைப் பார்க்க ஆள் வேண்டும். பார்த்ததைச் சொன்னால் கேட்க ஆள் வேண்டும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்பதுதான் ஸ்கூல் பஸ்ஸுக்கு வரும் மிகப் பெரிய வியாதி.

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறப்பதற்கு முன், கோடை விடுமுறையில், வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகளும் போலீசாரும் வருவாய், கல்வித் துறையினரும் சேர்ந்து பஸ்களை மைதானத்தில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அது வருஷத்துக்கு ஒரு முறை. மற்ற நாட்களில் யார் பார்ப்பது?

பஸ்ஸுக்கு எண்வகைத் தேர்வு

சித்த மருத்துவத்தில் நோயைக் கணிக்க எட்டு வழிகள் உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இந்த எட்டையும் பஸ்ஸுக்கு வைத்துப் பாருங்கள், ஒன்று விடாமல் பொருந்தும். இதில் பாதியை நீங்களே ஸ்டாப்பில் நின்றபடி பார்த்துவிடலாம். மீதியை டிரைவரும் மெக்கானிக்கும் பார்க்க வேண்டும். பார்க்கிறார்களா என்று கேட்கலாம்.

நிறம்: ஸ்கூல் பஸ் ஏன் மஞ்சள்? 1939-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாட்டில் தேர்ந்தெடுத்த நிறம் அது. விடிகாலை மங்கல் வெளிச்சத்திலும் கண்ணில் படும், கறுப்பு எழுத்து அதன்மேல் பளிச்சென்று தெரியும். அந்த மஞ்சள் அழுக்கேறி மங்கியிருந்தால் பாதுகாப்பே மங்கிவிட்டது என்று அர்த்தம். படிக்கட்டு ஓரம், சக்கரத்தின் மேல் வளைவு, ஜன்னல் அடி ஆகிய இடங்களில் பெயின்ட் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். துரு முதலில் எட்டிப் பார்க்கும் இடங்கள் இவை. கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம் வரும்.

விழி: ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், கண்ணாடிகள், வைப்பர். வைப்பர் ரப்பரை ஐப்பசி மழை ஆரம்பித்த பிறகு மாற்றினால் பிரயோஜனமில்லை. வெயில் காய்ந்ததுமே மாற்ற வேண்டும். 2022 மார்ச்சில் சென்னையில் ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்புச் சிறுவன் இறந்தான். அந்த ஆண்டு தமிழக அரசு, பள்ளி பஸ்ஸின் முன்னும் பின்னும் கேமராவும், எச்சரிக்கை செய்யும் சென்சாரும் கட்டாயம் என்று விதியைத் திருத்தியது. அந்தக் கேமரா வேலை செய்கிறதா, அல்லது தூசி படிந்து 'கண்புரை' விழுந்து கிடக்கிறதா?

மொழி: வண்டி பேசும். பிரேக் போட்டால் கிரீச் என்று கத்தினால் லைனிங் தேய்ந்திருக்கலாம். திரும்பும்போது கடகடவென்றால் ஸ்டியரிங் இணைப்பிலோ ஸ்பிரிங் பட்டையிலோ கோளாறு. சைலன்சர் திடீரென்று உறுமினால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. புகை பின்னால் போகாமல் பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கே வரலாம்.

ஸ்பரிசம்: ஒரு டிரிப் முடிந்ததும் நல்ல டிரைவர் என்ன செய்வார் தெரியுமா? நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோவார். தொடமாட்டார், சூடு மட்டும் பார்ப்பார். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்தபடி ஓடியிருக்கிறது, அல்லது பேரிங்கில் கிரீஸ் இல்லை. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக்கே பிடிக்கவில்லை! டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். பக்கவாட்டில் வெடிப்போ வீக்கமோ இருந்தால் ஆழம் பார்க்கவே வேண்டாம், கழற்றிவிட வேண்டியதுதான்.

நாடி: பெரிய பஸ்களில் பிரேக் பிடிப்பது காற்றின் அழுத்தத்தால். டிரைவர் முன்னால் இருக்கும் முள்தான் அதன் நாடி. எஞ்சினை அணைத்த பிறகு முள் மளமளவென்று இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. காற்றுத் தொட்டியின் அடியில் உள்ள வால்வைத் தினமும் திறந்து, சேர்ந்த தண்ணீரை வடிக்க வேண்டும். வடிக்காவிட்டால் உள்ளே துரு. சின்ன வேன்களில் பிரேக் ஆயில். பெடலை அழுத்திப் பிடித்தால் அது நிற்க வேண்டும். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் வண்டியை எடுக்கவே கூடாது.

நா: "வாயைத் திற, நாக்கை நீட்டு" என்போமே, அதுபோல் பஸ் கதவைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும். படி வழுக்குகிறதா? தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தீர்களா? விரிப்புக்கு அடியில்தான் விஷயம் இருக்கிறது. அவசர வழி திறக்கிறதா, அல்லது அதன் முன்னால் ஸ்கூல் பையாக மலை குவிந்திருக்கிறதா? தீயணைப்புக் கருவியின் முள் பச்சையில் நிற்கிறதா? முதலுதவிப் பெட்டியில் மருந்து காலாவதியாகிவிட்டதா?

மலம்: வண்டி வெளியே தள்ளுவது புகை. கரும்புகை என்றால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர் கெட்டிருக்கலாம். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூத்திரம்: ராத்திரி பஸ் நின்ற இடத்தைக் காலையில் பாருங்கள். கறுப்புப் பிசுக்கு என்றால் எஞ்சின் ஆயில். நிறம் கலந்த தண்ணீர் என்றால் கூலன்ட். வானவில் போல மினுங்கி நாற்றமடித்தால் டீசல். சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் தெரிந்தால் அலட்சியமே கூடாது. ஏ.சி. வண்டியில் சொட்டும் சுத்தத் தண்ணீரைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இத்தனையும் பார்க்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதி டிரைவர் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த பக்கத்தில் அதைச் சரிசெய்தவர் கையெழுத்து வேண்டும். பத்து பஸ் வைத்திருக்கும் பள்ளிக்கு ஒரு ஸ்பேர் பஸ்ஸும் அவசியம். மாற்று வண்டி இல்லாத இடத்தில்தான், "இந்த வாரம் மட்டும் ஓட்டிடுப்பா" என்ற பேச்சு வரும்.

டிரைவரின் உடம்பும் ஒரு பாகம்தான்

2024 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் வெள்ளக்கோவிலில் ஒரு பள்ளி வேன் டிரைவருக்கு, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சுவலி வந்தது. அந்த நிலையிலும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேலேயே சாய்ந்து உயிரை விட்டார். உள்ளே இருந்த சுமார் இருபது பிள்ளைகளுக்கும் ஒரு கீறல் இல்லை. கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனிதர். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தச் சில விநாடி அவகாசம் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியுமா?

எஞ்சினுக்கு ஆயில் மாற்றத் தேதி குறித்து வைக்கிற நாம், டிரைவருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, கண் பார்வை சோதிக்கத் தேதி குறிக்கிறோமா? ஆண்டுக்கு ஒரு முறையாவது இவை மூன்றும், நாற்பதைத் தாண்டியவருக்கு இ.சி.ஜி.யும் பார்ப்பது நல்லது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வருபவர் அவர். காலை டிரிப்புக்கும் மாலை டிரிப்புக்கும் நடுவே அவர் படுக்க ஓர் இடம், சாப்பிட நேரம் கொடுக்க வேண்டும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் பட்டினியாக வண்டி எடுக்கக் கூடாது. சளிக்குச் சாப்பிடும் பல மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும் என்பதையும் அவருக்குச் சொல்லி வையுங்கள். ஸ்டாப்பில் ஒரு நிமிடம் தாமதமானால், "என்னப்பா லேட்டு?" என்று அவரை விரட்டாதீர்கள். அந்த ஒரு நிமிடத்தை அவர் வேகத்தில்தான் ஈடுகட்டுவார்.

அடக்கக் கூடாத வேகங்கள்

அடக்கக் கூடாதவை என்று சித்தர்கள் பதினான்கு வேகங்களைச் சொன்னார்கள். சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், இருமல், வாந்தி எல்லாம் அதில் அடக்கம். பஸ் பயணம் நீண்டால் பிள்ளைகள் இவற்றில் பாதியை அடக்குகிறார்கள். "வழியில ஒண்ணுக்கு வந்தா என்ன பண்றது?" என்ற பயத்தில் தண்ணீரே குடிக்காத பெண் குழந்தைகள் எத்தனை பேர்! நீர்க்கடுப்பு, மலச்சிக்கல், தலைவலி என்று அதன் பலனை அனுபவிக்கிறார்கள். வீட்டிலும் பள்ளியிலும் பஸ் ஏறுமுன் கழிப்பறைக்குப் போவதைப் பழக்கமாக்குங்கள். ஊரெல்லாம் சுற்றி வரும் ரூட்டை இரண்டாகப் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள். குழந்தைக்கு நல்லது.

வாந்தி வருகிற பிள்ளையா? காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "உடம்பு ஆடுகிறது" என்கிறது, புத்தகத்தைப் பார்க்கும் கண் "இல்லை" என்கிறது. இந்தக் குழப்பம்தான் குமட்டல். முன் சீட்டில் உட்காரட்டும். படிப்பதையும் போன் பார்ப்பதையும் நிறுத்தி, தூரத்தில் பார்க்கட்டும். வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெயில் மிதக்கும் பூரியும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைக்குப் புறப்பட அரை மணி முன்னால் ஒரு சிட்டிகை சுக்குப் பொடியைத் தேனில் குழைத்துக் கொடுக்கலாம். வாயில் அடக்கிக்கொள்ள ஒரு துண்டு உப்பு நார்த்தங்காய், பாட்டி கொடுத்த மருந்து, இன்றைக்கும் கைகொடுக்கும். இத்தனைக்கும் அடங்காமல் வாந்தி தொடர்ந்தால் பஸ்ஸுக்குள் புகை வருகிறதா என்று விசாரியுங்கள். பஸ்ஸில் போகாத நாளிலும் தலைவலியோடு வாந்தி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

நிற்கும் பஸ் விடும் மூச்சு

மாலை நாலு மணிக்குப் பள்ளி வாசலைப் பாருங்கள். வரிசையாகப் பத்து பஸ். அத்தனையும் எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நிற்கும். பக்கத்திலேயே பிள்ளைகள் வரிசை. சைலன்சர் குழாய்க்குப் பக்கத்திலேயே பிள்ளையின் மூக்கு!

பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுபவர்கள் குழந்தைகள். அவர்கள் மூச்சுக்குழலோ சிறியது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் உறுதியாக அறிவித்துவிட்டது. இன்னொரு செய்தி நம்பிக்கை தருவது. அமெரிக்காவில் சியாட்டில் பகுதியில் ஸ்கூல் பஸ்ஸில் போகும் 275 பிள்ளைகளை ஆராய்ந்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். பஸ்களுக்குச் சுத்தமான எரிபொருளும் புகை வடிகட்டியும் கொடுத்தபோது பிள்ளைகளின் நுரையீரல் அழற்சி குறைந்தது, நுரையீரல் வளர்ச்சி மேம்பட்டது, பள்ளிக்கு லீவு போடுவதும் குறைந்தது. பஸ்ஸுக்குச் செய்த வைத்தியம் பிள்ளைக்குப் பலித்தது!

நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் புது வண்டிகள் பி.எஸ். 6 வகை. புகை வடிகட்டி அதிலேயே உண்டு. ஆனால் ஸ்கூல் பஸ் நின்று நின்று மெதுவாகப் போவதால் வடிகட்டியில் கரி சீக்கிரம் அடைக்கும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கம்பெனி சொன்னபடி உடனே சுத்தம் செய்ய வேண்டும். வடிகட்டியைக் கழற்றி எறிவது தீர்வல்ல.

பைசா செலவில்லாத மருந்து ஒன்று உண்டு. காத்திருக்கும்போது எஞ்சினை அணைப்பது. காலையில் பிரேக்குக்குக் காற்று ஏறச் சில நிமிடம் எஞ்சின் ஓடத்தான் வேண்டும். மற்ற நேரம் எதற்கு? சும்மா நின்றபடி ஓடும் பெரிய பஸ் மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் டீசல் குடிக்கும். பத்து பஸ், தினம் இருபது நிமிடம், 200 நாள் என்று கணக்குப் போடுங்கள். குறைந்தபட்சம் 650 லிட்டருக்கு மேல் புகையாகப் போகிறது. அந்தப் பணத்தில் எத்தனை பிரேக் லைனிங் மாற்றலாம்!

வண்டியின் கழிவையும் கவனியுங்கள். பழைய எஞ்சின் ஆயிலைச் சாக்கடையில் ஊற்றினால் அது கிணற்றுக்கும் ஏரிக்கும் போகும். அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். பழைய பேட்டரியில் ஈயம் இருக்கிறது. புதுசு வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஷெட் மூலையில் அடுக்கிய பழைய டயரில் மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசுவுக்கு அதுவே பிரசவ ஆஸ்பத்திரி. டயரை எரிப்பது அதைவிட மோசம்.

ஏறும்போது, இறங்கும்போது

பஸ்ஸின் மூக்குக்கு நேர் கீழே நிற்கும் குழந்தை டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. பத்து அடி தள்ளி, டிரைவரின் முகம் தனக்குத் தெரியும் இடத்தில் வந்த பிறகுதான் கடக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். பென்சில் கீழே உருண்டால் குனிந்து எடுக்கவே கூடாது. உதவியாளர் இறங்கி நின்று கையசைத்த பிறகே வண்டி நகர வேண்டும். 2025 ஜூலை 8-ல் கடலூர் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்ததை மறக்க முடியுமா? கேட் திறந்தே இருந்தாலும் வண்டியை நிறுத்தி, உதவியாளர் இறங்கி இரு பக்கமும் பார்த்த பிறகு கடப்பதே நல்லது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "வேண்டாம் சாமி, நானே ஸ்கூட்டரில் கொண்டு விடுகிறேன்" என்றோ, பத்துப் பிள்ளைகளைத் திணிக்கும் ஆட்டோவில் அனுப்பவோ முடிவு செய்யாதீர்கள். நன்றாகப் பராமரித்த பஸ்தான் பிள்ளைக்குப் பத்திரம். நாற்பது ஸ்கூட்டர் விடும் புகையை ஒரே பஸ் மிச்சப்படுத்துகிறது. பஸ்ஸை விட்டு ஓட வேண்டாம், பஸ்ஸைக் கவனியுங்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்டு முடித்ததும் இதையும் கேளுங்கள்: "பஸ்ஸின் தகுதிச் சான்று எந்தத் தேதி வரை? தினசரி சோதனை நோட்டைக் காட்டுவீர்களா? டிரைவருக்குக் கடைசியாக எப்போது கண் பரிசோதனை நடந்தது? வாசலில் எஞ்சினை அணைக்கச் சொல்லியிருக்கிறீர்களா? ஸ்பேர் பஸ் உண்டா?" முறையாக நடத்தும் பள்ளி சந்தோஷமாகப் பதில் சொல்லும்.

இன்று சாயங்காலம் குழந்தை பையைக் கழற்றி வைத்ததும், "இன்னிக்கு மிஸ் என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்பதோடு, "உங்க பஸ்ல ஏதாவது ஆடுதா, உடைஞ்சிருக்கா, உள்ளே புகை வருதா?" என்றும் கேட்டுப் பாருங்கள். எந்த சீட் ஆடுகிறது, எந்தத் தகரம் மிதித்தால் அமுங்குகிறது என்பது முதலில் தெரிவது அதில் தினமும் உட்காரும் பிள்ளைக்குத்தான். அது சொல்லும் பதிலை அன்றைக்கே பள்ளிக்கு எழுதி அனுப்புங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.